படத்தை மாற்றும் நிரல்

மனித இதயத்தின் உட்புறத்தைக் காட்டும் படம் ஒன்றில் இடப்புற அறைகளும் வலப்புற அறைகளும் மாறிக் குறிக்கப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படம் பல மொழிக் கலைக்களஞ்சியங்களில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இடம்பெற்றுள்ளது. மாணவர்கள் அதைப் பார்த்தே படிக்கிறார்கள். இப்பிழையை எவ்வாறு திருத்துவது?

விக்கிப்பீடியாவின் படங்களில் பெரும்பாலானவை ‘விக்கிமீடியா பொதுவகம்’ என்னும் இணையக் களஞ்சியத்தில் உள்ளன. 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதில் 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன.

பெயர் மட்டுமே

நூலகத்தின் அட்டையில் நூல் இருப்பதில்லை. நூலின் எண்தான் இருக்கிறது அல்லவா? அதுபோலவே, கலைக்களஞ்சியப் பக்கத்தில் படத்தின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். பக்கத்தைத் திறக்கும்போது, அப்பெயருக்குரிய படம் களஞ்சியத்திலிருந்து வந்து சேர்கிறது.

ஆகவே, திருத்திய படத்தைப் பழைய பெயரிலேயே ஏற்றினால் எல்லாப் பக்கங்களும் தாமாகவே திருந்திவிடும். ஆனால், கோப்பின் வகை மாறினால் பெயரும் மாறும். அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை எழுத வேண்டும். இவ்வேலையைச் செய்யும் கட்டளைத் தொடரே நிரல். படம் இடம்பெற்ற பக்கங்களின் பட்டியலைப் பெற்று, ஒவ்வொன்றாகத் திறந்து, பெயரை மாற்றிச் சேமிக்கிறது அது.

வேகமே ஆபத்து

நிரலுக்கு அலுப்பு இல்லை; ஐயமும் இல்லை. புதிய பெயரில் ஓர் எழுத்துத் தவறினால், நூறு பக்கங்களிலும் படமே இல்லாமல் போய்விடும்! எனவே, வேலையின் வரிசை முக்கியம்.

முதலில் புதிய படத்தை ஏற்ற வேண்டும். அது முழுமையாகச் சேர்ந்ததா என்பதை அதன் ‘கைரேகை’யால் அறியலாம். ‘ஷா-1’ என்னும் கணக்கு முறை, எவ்வளவு பெரிய கோப்பிலிருந்தும் 160 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைத் தருகிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் இவ்வெண் பெரிதும் மாறிவிடும். களஞ்சியம் தரும் எண்ணும் நம்மிடமுள்ள கோப்பின் எண்ணும் ஒன்றாயிருந்தால் படம் பழுதின்றிச் சேர்ந்தது எனக் கொள்ளலாம். (வேண்டுமென்றே ஏமாற்றுவோரை இம்முறை தடுக்காது. வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே ஷா-1 எண் வருமாறு செய்ய முடியும் என்பது 2017-இல் மெய்ப்பிக்கப்பட்டது.)

அடுத்து, எதையும் சேமிக்காமல் ஒத்திகை பார்க்க வேண்டும். பிறகு நாலைந்து பக்கங்களை மட்டும் மாற்றிக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரே எஞ்சியவை. கணிப்பொறிகளின் சுமை மிகும்போது நிரல் சற்றுக் காத்திருப்பதும் வழக்கம்.

பழைய படத்தை உடனே அழித்துவிடலாகாது. பொதுவகத்தில் ஒரே பெயரில் புதிய படம் ஏற்றப்பட்டாலும் முந்தைய வடிவம் வரலாற்றில் காக்கப்படுகிறது. பக்கங்களின் பழைய வடிவங்களும் அவ்வாறே. தவறு நேர்ந்தால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

நீங்களும் கைரேகையைச் சோதித்துப் பார்க்கலாம். ஓர் எழுத்துக் கோப்பையும் அதன் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில் ஒரே ஓர் எழுத்தை மாற்றுங்கள். லினக்ஸ் கணிப்பொறியில் ‘ஷா1சம்’ என்னும் கட்டளையால் இரண்டின் எண்களையும் கண்டு ஒப்பிடுங்கள். எத்தனை இலக்கங்கள் மாறியுள்ளன?