வயது ஏறும் தோலும் நாம் மறக்கும் பாதமும்

வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய் சுரப்பது குறைகின்றது. அதனால்தான் மாசியின் குளிர்காலத்தில் எமது அம்மா அப்பாமாருக்குக் கால் வறண்டு கடிக்கின்றது. கொதிநீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். சவர்க்காரத்தைக் குறைத்து, குளித்த ஈரம் காயுமுன் கிறீம் பூசுவோம்.

"கறுத்த தோலுக்குத் தோற்புற்றுநோய் வராது" என்கின்றோம். குறைவுதான், ஆனால் வராமலில்லை. எம் போன்றோருக்கு மெலனோமா பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலோ நகத்தின் கீழோ வருகின்றது. பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் கீழேதான் வந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார்.

அடிபட்ட கறுப்பு நகம் வளர வளர முன்னே நகரும். நகராமல் அகலிக்கும் கறுப்புக் கோட்டையும், ஆறாத புண்ணையும் உடனே வைத்தியரிடம் காட்டுவோம். குனிய முடியாத பெற்றோரின் பாதத்தைப் பிள்ளைகள் நாம்தான் பார்க்கவேண்டும்.