குழுவாக மலையேறப் போறீங்களா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வருகிறது. மேகத்துக்கு மேலே கைகளை விரித்து நிற்கும் நான்கு பேர். கீழே விலை. வேன், காலையில் நாசி லெமாக், டீ-சட்டை, சான்றிதழ், ட்ரோன் வீடியோ எல்லாம் அதில் அடக்கம். 'இன்னும் 3 இடம்தான் இருக்கு!' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. "டேய், போலாமா?" என்று நண்பர் கேட்கிறார். அடுத்த நிமிடமே உங்கள் விரல் வங்கிச் செயலியைத் திறந்துவிடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் போஸ்டரில் ஒரு விஷயம் மட்டும் இருக்காது. உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது வானம் கறுத்து மழை பிடித்தால், "போதும், எல்லாரும் திரும்பலாம்" என்று சொல்லப்போவது யார்?

வழிகாட்டியோடு போகும் மலைப்பயணத்தில் நீங்கள் பணம் கொடுப்பதே இந்த ஒரு முடிவுக்காகத்தான். பாதையை இப்போது செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். எப்போது திரும்ப வேண்டும் என்பதை அந்தக் காட்டைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

கொடிமலை ஏறியாச்சு, மற்ற மலையும் அப்படித்தானே?

பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு மலை புதிதல்ல. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை ஏறியிருப்போம். தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் சுமார் 5 கிலோமீட்டர் ஜீப் பாதையில் வியர்க்க வியர்க்க நடந்திருப்போம். கால் வலித்தால் மேலே தேநீர் குடித்துவிட்டு ரயிலில் இறங்கிவிடலாம். போனில் சிக்னலும் இருக்கும்.

சுமார் 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலை தரும் இந்த நம்பிக்கைதான் மற்ற மலைகளில் நம்மை ஏமாற்றுகிறது. பட்டர்வொர்த் பக்கமிருந்து பார்த்தால் தெரியும் கெடாவின் குனோங் ஜெராய் 1,217 மீட்டர். தீபகற்பத்தின் மிக உயரமான குனோங் தஹான் 2,187 மீட்டர். சபாவின் கினாபாலு 4,095 மீட்டர். காட்டுப் பாதையில் பாதி வழியில் முட்டி பிடித்துக்கொண்டால், இறங்குவதற்கு ரயில் கிடையாது. வந்த வழியே நடக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது தூக்க வேண்டும்.

கொடிமலையும் எப்போதும் சாதுவாக இருந்ததில்லை. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைத் தாக்கிய பெருமழையில் அதன் சரிவுகளில் பல இடங்களில் மண் சரிந்தது. நமக்குப் பழக்கமான மலையும் ஒரே இரவில் வேறு மலையாகிவிடும்.

குரங்கணி நமக்குச் சொல்வது என்ன?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உள்ள குரங்கணி மலைப்பகுதி. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்கள் குழுக்களாக மலையேறிவிட்டு, கொழுக்குமலைப் பக்கமிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். பலர் பெண்கள், பலர் வேலைக்குப் போகத் தொடங்கிய வயதினர். அது கோடை தொடங்கும் காலம். ஆள் உயரப் புல் காய்ந்து கிடந்தது. பிற்பகலில் சரிவில் தீ பரவியது. காற்று தீயை விரட்ட, சிதறி ஓடியவர்களில் பலர் பள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். அன்றும் அதன் பிறகு மருத்துவமனையிலும் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அவர்கள் யாரும் தனியாகக் காட்டுக்குள் புகுந்தவர்கள் அல்ல. ஏற்பாட்டாளர் இருந்தார். நுழைவுச் சீட்டும் வாங்கியிருந்தார்கள். ஆனால் அனுமதி பெற்ற பாதை வேறு, அவர்கள் நடந்த பாதை வேறு என்று வனத்துறை அப்போது சொன்னது. காட்டுத்தீ மூளும் மாதத்தில் அந்தச் சரிவில் அவ்வளவு பேர் இருந்திருக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. முன்பதிவு இணையத்தில், வழிகாட்டிகள் உள்ளூர் மக்கள், காட்டுத்தீ காலத்தில் பாதைகளுக்குப் பூட்டு என்பது அதன் நடைமுறை.

அந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று யோசிப்பது நம் கையில் இருக்கிறது. கீழே வரும் கேள்விகள் அதற்குத்தான்.

கேள்வி 1: வழிகாட்டி யார்? சான்று இருக்கிறதா?

ஏற்பாட்டாளரும் வழிகாட்டியும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போஸ்டர் போட்டவர் கோலாலம்பூரில் இருக்கலாம், அன்று உங்களோடு நடப்பவர் வேறு ஒருவராக இருக்கலாம்.

தீபகற்ப மலேசியாவில் வனத்துறை பயிற்சியும் தேர்வும் வைத்து அங்கீகரிக்கும் மலை வழிகாட்டிகளுக்கு 'மாலிம் குனோங் பெர்ஹுத்தானான்' என்று பெயர். அவர்களிடம் அட்டை இருக்கும். பெயரையும் அட்டையின் காலாவதித் தேதியையும் கேளுங்கள். "எத்தனை முறை இந்த மலை ஏறியிருக்கீங்க? கடைசியா எப்போ?" என்பதையும் கேளுங்கள். நல்ல வழிகாட்டி கோபப்பட மாட்டார். சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

கினாபாலுவில் வழிகாட்டி இல்லாமல் உச்சிக்குப் போகவே விடமாட்டார்கள். அதன் அருமை 2015 ஜூன் 5 காலையில் தெரிந்தது. 6.0 ரிக்டர் அளவிலான நிலநடுக்கத்தில் மலைப் பாறைகள் உருண்டு 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும் மலை வழிகாட்டிகளும் அவர்களில் அடக்கம். மேலே சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கீழே கொண்டுவர வழிகாட்டிகளே பாதை தேடி அழைத்து வந்தார்கள். ஆபத்து வந்த நேரத்தில் அங்கே இருந்தது அவர்கள்தான்.

கேள்வி 2: பெர்மிட் எந்தப் பாதைக்கு? எந்தத் தேதிக்கு?

நிரந்தரக் காப்புக் காடுகளுக்குள் போக மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அபராதமும் சிறைத் தண்டனையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பிடிபட்டால் ஏற்பாட்டாளரோடு நீங்களும்தான் பதில் சொல்ல வேண்டும்.

"பெர்மிட் எல்லாம் பார்த்துக்கிட்டோம், கவலைப்படாதீங்க" என்பது பதில் ஆகாது. நகலைக் கேளுங்கள். அதில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: பாதையின் பெயர், தேதி, உங்கள் பெயர். பெர்மிட் என்பது வெறும் கட்டண ரசீது இல்லை. இன்று காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரிவதே அதை வைத்துத்தான். அனுமதி ஒரு பாதைக்கும் நடை வேறு பாதையிலும் இருந்தால், தேட வருபவர்கள் தவறான இடத்தில் தேடுவார்கள்.

கேள்வி 3: எத்தனை மணிக்குத் திரும்புவோம்?

இதுதான் முக்கியமான கேள்வி. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், குறிப்பிட்ட நேரம் வந்ததும் எல்லாரும் இறங்க வேண்டும் என்ற நேரக்கெடு ஒவ்வொரு நல்ல குழுவிலும் இருக்கும். அந்த நேரம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். மேலே போய், களைப்பிலும் ஆசையிலும் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும்.

பினாங்கில் சூரியன் மறைய இரவு ஏழு மணி தாண்டும். ஆனால் அடர்ந்த மரங்களுக்குக் கீழே அதற்கு வெகுநேரம் முன்பே வெளிச்சம் குறைந்துவிடும். நம் ஊரில் மழை அதிகம் பிற்பகலில்தான் வரும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் விடியும் முன் கிளம்பி மதியத்துக்குள் இறங்கப் பார்க்கிறார்கள்.

ஆறு, அருவி கடக்கும் பாதை என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: 'கெப்பாலா ஆயர்' வந்தால் என்ன திட்டம்? நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்குவதுதான் இது. 2021 ஆகஸ்ட் 18 அன்று குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். பொருட்களை எடுக்கத் திரும்பக் கூடாது.

கிழக்குக் கரை மாநிலங்களின் மலைகளுக்கு ஆண்டு இறுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அனுமதி நிறுத்தப்படுவது வழக்கம். அந்த மாதங்களில் யாராவது தஹானுக்கு மலிவு விலையில் கூப்பிட்டால், ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி 4: குழுவில் எத்தனை பேர்? கடைசியில் யார் நடப்பார்?

நாற்பது பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் என்றால், அது குழுப் பயணம் அல்ல, ஊர்வலம். முன்னால் போகிறவர்கள் உச்சியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒருவர் தனியாகத் தவித்துக்கொண்டிருப்பார். முன்னால் ஒருவர், கடைசி ஆளோடு ஒருவர் என்று குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். யாருக்காவது முடியாமல் போனால் அவரைக் கீழே அழைத்துப் போவது யார், மீதிப் பேரை யார் பார்ப்பது என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி யார் பையில் இருக்கும் என்றும் கேட்டு வையுங்கள்.

கினாபாலு மாதிரி உயரமான மலையில் இது இன்னும் முக்கியம். 1,866 மீட்டரில் உள்ள திம்போஹொன் வாசலில் நடக்கத் தொடங்கி, அன்றே சுமார் 3,270 மீட்டர் உயரத்தில் உள்ள பனாலபானில் தங்குகிறோம். 2,500 மீட்டரைத் தாண்டினால் உயர நோய் யாருக்கும் வரலாம். தினமும் ஜிம் போகிறவரும் விதிவிலக்கு இல்லை. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் அதிகமானால் கீழே இறங்குவதுதான் சரியான மருந்து. "கொஞ்சம் தாங்கிக்கோ, இவ்வளவு தூரம் வந்துட்டோம்ல" என்று சொல்லும் நண்பர் அந்த நேரத்தில் நண்பர் இல்லை.

கேள்வி 5: பணம் யாருக்குப் போகிறது?

பயணத் தொகுப்பு விற்கும் நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். 'கேபிகே/எல்என்' என்று தொடங்கும் எண் அது. எஸ்எஸ்எம் பதிவு மட்டும் இருந்தால் போதாது, அது வியாபாரப் பதிவுதான். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அமைச்சின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம்.

தனிநபர் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மூல்' தளத்தில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மோசடி என்று தெரிந்துவிட்டால் தாமதிக்காமல் 997-க்கு அழையுங்கள். நிறுவனம் சொன்னபடி சேவை தரவில்லை, பணத்தையும் திருப்பித் தரவில்லை என்றால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வைக்கலாம். ரசீது, போஸ்டர், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.

பணம் கட்டும் முன் இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்:

• மழையால் பயணம் ரத்தானால், அல்லது பாதியில் திரும்பினால், பணம் திரும்ப வருமா, தேதி மாறுமா?

• காப்புறுதி மலையேற்றத்தையும் மீட்புச் செலவையும் சேர்க்கிறதா? சில திட்டங்களில் உயர வரம்பு உண்டு.

• வேன் ஓட்டுபவரும் மலையேறுகிறாரா? பத்து மணி நேரம் நடந்துவிட்டு இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டுபவரின் தூக்கமும் உங்கள் பாதுகாப்பில் சேர்த்திதான்.

முதல் கேள்வியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாதியில் திரும்பினால் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம் ஏற்பாட்டாளருக்கு இருந்தால், அவர் திரும்பத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது நாம்தான்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி

ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, பழைய முட்டிக் காயம் எதுவாக இருந்தாலும் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே பயிற்சி தொடங்குங்கள். வாரம் இருமுறை தண்ணீர்மலைப் படிகள், வார இறுதியில் முதுகில் பையோடு கொடிமலை ஜீப் பாதை அல்லது புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தோகுன். இறங்கும்போது ரயிலை விட்டுவிட்டு நடந்து இறங்குங்கள். முட்டியைச் சோதிப்பது இறக்கம்தான்.

பையில் தலைவிளக்கு, மழைச்சட்டை, விசில், தேவைக்கு மேல் தண்ணீர், பவர் பேங்க் கட்டாயம். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம். பாதையின் பெயர், வழிகாட்டியின் எண், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுங்கள். "அந்த நேரம் தாண்டி இவ்வளவு நேரமாகியும் நான் போன் செய்யலைன்னா 999-க்கு அழைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அம்மா பயப்படுவார்தான். ஆனால் எங்கே தேடுவது என்று தெரியாமல் பயப்படுவதைவிட அது மேல்.

கடைசியாக ஒன்று. வழிகாட்டி "திரும்பலாம்" என்று சொன்னால், முதலில் திரும்பும் ஆளாக நீங்கள் இருங்கள். உச்சி அரை மணி நேரத்தில் தெரியும் தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை. மலை எங்கேயும் போகாது, அடுத்த மாதமும் அதே இடத்தில்தான் இருக்கும். நாமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.