மகிழுந்துக் குளிரூட்டியில் வெற்றிடக் கசிவு

மகிழுந்துக் குளிரூட்டியில் வெற்றிடக் கசிவு என்பது, காற்று வரும் திசையை மாற்றும் கதவுகளை இயக்குகின்ற மெல்லிய குழாய்களிலோ அவற்றோடு இணைந்த உறுப்புகளிலோ வெளிக்காற்று புகுந்துவிடும் பழுதாகும். ஏ.சி.யின் குளிர்வாயு ஓடும் குழாய்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதி, குறையில்லாத ஏ.சி.க்கு வாயு நிரப்பச் செலவு செய்வதும் உண்டு.

ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே போன்ற அமெரிக்க வண்டிகளிலும், 1976இல் அறிமுகமான மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ123 போன்ற செருமானிய வண்டிகளிலும் இம்முறை பயன்பட்டது. இந்தியாவில் பரவலாக ஓடும் சிறிய மகிழுந்துகளில் இக்கதவுகளைக் கேபிளோ சிறு மின்மோட்டாரோ திருப்புகிறது. எனவே அவற்றில் இப்பழுதுக்கு இடமில்லை.

இயங்கும் முறை

பெட்ரோல் இயந்திரம் மெதுவாக ஓடும்போது (ஐடிலிங்) த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுக்க, போதிய காற்று வராததால் உள்ளிழுப்புக் குழாயில் அழுத்தம் குறைகிறது. இந்தக் குறைவையே வெற்றிடம் என்கிறார்கள். கடல்மட்டத்தில் இது பெரும்பாலும் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு (சுமார் 430 முதல் 530 மி.மீ.) இருக்கும். முழு வெற்றிடம் 760 மி.மீ. என்பதால், இது பகுதி வெற்றிடமே. ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் போன்ற நகரில் அளவி சுமார் 5 அங்குலம் குறைத்தே காட்டும். அதைக் கசிவு என்று எண்ணக்கூடாது.

டாஷ்போர்டுக்குள் ஒவ்வொரு கதவுக்கும் வட்டமான ஒரு சிறு பெட்டி உண்டு. அதன் நடுவே ரப்பர் சவ்வும், அதைத் தாங்கும் சுருள்வில்லும் இருக்கும். சவ்வின் ஒரு பக்கம் வெற்றிடம் சேர்ந்தால், மறுபக்கத்து வளிமண்டல அழுத்தம் சவ்வைத் தள்ளும். சவ்வோடு இணைந்த கம்பி கதவைத் திருப்பும். வெற்றிடம் கதவை ‘இழுக்கிறது’ என்பது பேச்சுவழக்கு. உண்மையில் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தம்தான். உறிஞ்சுகுழல் வழியாக இளநீர் மேலேறுவதும் இப்படியே.

ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் த்ராட்டில் திறந்து, வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமல் போகும். அந்நேரத்தில் கதவுகள் நழுவாதிருக்க, பந்து அல்லது டப்பா வடிவிலான ஒரு சேமிப்புக் கலமும் ஒருவழி வால்வும் வைக்கப்படுகின்றன.

டீசல் டபிள்யூ123இல் இத்தகைய த்ராட்டில் வெற்றிடம் கிடைக்காததால், இயந்திரம் சுழற்றும் தனி வெற்றிடப் பம்பு உண்டு. அதே வெற்றிடமே கதவுப் பூட்டுகளையும் இயந்திரத்தை நிறுத்தும் அமைப்பையும் இயக்குகிறது. ஆகவே, கதவுப் பூட்டில் ஏற்பட்ட கசிவால் சாவியைத் திருப்பிய பின்னும் இயந்திரம் நிற்காமல் ஓடுவதுண்டு.

அறிகுறிகள்

மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் முகத்துக்கு வந்த காற்று முன்கண்ணாடிக்குப் போய்விடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் திரும்ப வரும். இதுவே முதன்மை அறிகுறி. கசிவு பெரிதாயின் காற்று எப்போதும் கண்ணாடிக்கே போகும். இது தற்செயல் அன்று. வெற்றிடம் போனால் சுருள்வில் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளும்படி அமைத்துள்ளனர். பனியிலும் மழையிலும் ஓட்டுநரின் பார்வை மறையக்கூடாது என்பதே நோக்கம். கோடையில் இது எரிச்சலூட்டினாலும், நல்ல ஏற்பாடு என்றே சொல்லவேண்டும்.

உள்காற்றையே சுழலவிடும் கதவு இயங்காவிட்டால் வெளியிலிருந்து சூடான காற்று புகுந்து குளிர்ச்சி குறையும். வாயு தீர்ந்துவிட்டது என்ற ஐயம் பெரும்பாலும் இங்கேதான் எழுகிறது. கசிவு வழியே இயந்திரத்துக்குள் கூடுதல் காற்று நுழைவதால் ஐடிலிங் சீரற்றுப் போகலாம். பிரேக் மிதி கடினமாகிவிட்டால் ஏ.சி.யை விட்டுவிட்டு முதலில் பிரேக்கைக் கவனிக்கவேண்டும். பல வண்டிகளில் பிரேக் பூஸ்டரும் வெற்றிடத்தையே நம்பியிருக்கிறது.

கண்டறிதல்

டாஷ்போர்டைக் கழற்றுவது கடைசி வேலை. தேடலை இயந்திர அறையில் தொடங்கவேண்டும், ஏனெனில் குழாய்கள் வெப்பத்தால் அங்கேதான் விரைவில் நொறுங்குகின்றன. பேட்டரியை ஒட்டிச் செல்லும் பகுதியையும் வளைவுகளையும் விரலால் தடவிப் பார்க்கலாம். செரோக்கியில் பந்து வடிவச் சேமிப்புக் கலம் முன்பம்பருக்குப் பின்னால் இருப்பதால், சிறிய மோதலிலும் விரிசல் விடக்கூடும்.

அளவி பொருத்திய கைப்பம்பு ஒன்றிருந்தால் வேலை எளிது. டாஷ்போர்டுக்குள் செல்லும் குழாயை இயந்திர அறையில் கழற்றி, அதில் 15 முதல் 20 அங்குல வெற்றிடம் ஏற்றவேண்டும். முள் அப்படியே நின்றால் கசிவு வெளியே இருக்கிறது, இறங்கினால் உள்ளே. பின்னர் காற்றுத் திசைக் குமிழை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பவேண்டும். ஒரே ஒரு நிலையில் மட்டும் ‘உஸ்’ என்ற ஒலி கேட்டாலோ முள் விழுந்தாலோ, அந்நிலைக்குரிய சவ்வுப் பெட்டியோ குழாயோதான் குற்றவாளி. எல்லா நிலைகளிலும் விழுந்தால் குமிழின் பின்னாலுள்ள இணைப்பை ஐயப்படலாம். ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போகவேண்டும்.

சூடான இயந்திரத்தின்மேல் கார்புரேட்டர் சுத்திகரிப்பியைப் பீய்ச்சிக் கசிவைத் தேடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தீப்பற்றக்கூடிய திரவம், தவிர்க்கவேண்டும்.

பழுதுநீக்கல்

நொறுங்கிய பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளின்மேலும் இறுக்கமாக அமரும் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினால் போதும். ஒட்டுநாடா சுற்றுவது நிலைக்காது. புதிய ஒருவழி வால்வு மாறிப் பொருத்தப்பட்டால் எதுவும் இயங்காது என்பதால் அதன் திசையைக் கவனிக்கவேண்டும்.

தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு கொண்ட கிரவுன் விக்டோரியாவில், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உள்ள சிறிய ரப்பர் வளையங்கள் இறுகிச் சுருங்குவதே பெரும்பாலும் காரணம். முழுப் பெட்டியையும் மாற்றாமல் வளையங்களை மட்டும் மாற்றலாம். வளையங்கள் மிக மலிவு. பெட்டியின் விலையோ பல மடங்கு.

சவ்வு கிழிந்திருந்தால் அப்பெட்டியை மாற்றுவதே தீர்வு. சிலவற்றைக் கையுறைப் பெட்டியைக் கழற்றினாலே எட்டலாம். சிலவற்றுக்கு டாஷ்போர்டு முழுவதும் இறங்கவேண்டும். அதற்கு வசதிப்படும்வரை, கிழிந்த சவ்வுக்குச் செல்லும் குழாயை அடைத்துவிட்டால் மற்றக் கதவுகள் ஒழுங்காக இயங்கும்.

வேலை முடிந்ததும் இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தவேண்டும். பிறகு சாவியை இயந்திரம் இயங்காத ‘ஆன்’ நிலையில் மட்டும் வைத்து, காற்றின் திசையை மாற்றிப் பார்க்கவேண்டும். சேமிப்புக் கலம் உள்ள வண்டியில், அதில் தேங்கிய வெற்றிடத்தைக் கொண்டே கதவுகள் ஓரிரு முறையாவது திரும்பும்.