மூப்பும் அழற்சியும்

உடலில் காயம் பட்டாலும் நோய்க்கிருமி புகுந்தாலும் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முன்பே எழுதி வைத்தார். அழற்சி எனப்படும் இது உடலின் தற்காப்பு முறையேயாகும். கிருமி அழிந்து காயம் ஆறியதும் இதுவும் தணிந்துவிடும்.

முதுமையிலோ வேறொரு வகை அழற்சி காணப்படுகிறது. இதற்குச் சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. நீறு பூத்த நெருப்பைப் போல் இது ஆண்டுக்கணக்கில் உடலெங்கும் மெல்லக் கனன்று கொண்டிருக்கும். கல்லீரலில் உண்டாகும் சி-ரியாக்டிவ் புரதம் போன்ற பொருள்கள் இரத்தத்தில் சற்று மிகுந்திருப்பது இதன் அடையாளம். இத்தாலிய அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் அவர்தம் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் இந்நிலைக்குத் தனிப் பெயர் சூட்டினர். இதயநோய், நீரிழிவு, தசைத் தேய்வு ஆகியவற்றோடு இது தொடர்புடையது.

இதற்குக் காரணங்கள் பல. பழுதுற்றும் அழியாத உயிரணுக்கள் முதுமையில் திசுக்களில் தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. வயிற்றினுள் சேரும் கொழுப்பும் அவ்வாறே செய்கிறது.

இதைக் கட்டுப்படுத்துவதில் தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. உழைக்கும் தசை இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளை இரத்தத்தில் விடுகிறது. நோய்க்காலத்து அழற்சியிலும் தோன்றும் பொருளே இது. எனினும் தசையிலிருந்து வெளிப்படும்போது, அழற்சியை அடக்கும் பிற பொருள்கள் சுரக்க இது வழி செய்கிறது. கோபன்ஹேகன் நகர ஆராய்ச்சியாளர்கள் நலமுள்ள ஆடவர்க்குக் கிருமி நச்சைச் சிற்றளவில் செலுத்திச் சோதித்து, முடிவை 2003-இல் வெளியிட்டனர். ஓய்வாக இருந்தபோது அவர்தம் இரத்தத்தில் அழற்சிப் பொருள் ஒன்று இரண்டு மூன்று மடங்கு உயர்ந்தது. அவர்களே நெடுநேரம் மிதிவண்டிப் பொறியை மிதித்தபோது அவ்வாறு உயரவில்லை.

இதன் மறுபக்கத்தைக் கனடாவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. நலமுள்ள முதியோர் பதின்மர், நாள்தோறும் நடப்பதை இரு வாரங்களுக்குச் சுமார் 1,400 அடிகளாகக் குறைத்துக்கொண்டனர். அதற்குள் அவர்களுடைய கால் தசை ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்தது. சி-ரியாக்டிவ் புரதமோ உயர்ந்தது.

ஆகவே, "வயதாகிவிட்டது, இனி உட்கார்ந்திருங்கள்" என்று வீட்டார் அன்புடன் கூறுவது முதியோர்க்கு நன்மை பயப்பதன்று. வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உழைப்பும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவையென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பேச இயலும், பாட இயலாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கும் விரைவு நடையே மிதமான உழைப்பாகும். பழக்கமில்லாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பலமுறை எழுந்து அமர்வதும் நற்பயிற்சியே. காய்ச்சல் உள்ளபோது பயிற்சியை நிறுத்த வேண்டும். இதயநோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை முதியோரிடம் மட்டுமன்றி, அவர்களை உட்கார வைக்கும் வீட்டாரிடமும் எடுத்துரைத்தல் வேண்டும்.