குட்டி எவ்வளவு வளரும்?

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு வருடம் ஆவதற்குள் அதுவே 60, 70 கிலோவில் வந்து நிற்கும். மனிதக் குழந்தை 18 வருடம் எடுத்துக்கொண்டு 20 மடங்கு கனக்கிறது. இதுவோ அதில் பத்தில் ஒரு பங்கு காலத்தில் 100 மடங்கைத் தாண்டிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒட்சீகோ என்ற ஊரில் வளர்ந்த ஜீயஸ் என்ற கிரேட் டேனை 2011இல் கின்னஸ் சாதனைக்காக அளந்தபோது தோள் உயரம் மட்டும் 111.8 செ.மீ. பின்னங்காலில் எழுந்து நின்றால் ஏழடிக்கு மேல்!

ஜீயஸ் விதிவிலக்கு. ஆனால் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் என்று எதை வாங்கப் போனாலும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு பெரிசாகும்? விற்பவர் குட்டியின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டுவார். "பாதத்தைப் பாருங்க சார், எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும்." பாதம் முழுப் பொய் சொல்வதில்லை, பெரிய நாய்க்குப் பெரிய பாதம்தான். ஆனால் ஒரே ஈத்தில் பிறந்த இரண்டில் எது உயரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பிறந்த அன்றைய எடையும் அப்படித்தான். வயிற்றுக்குள் இடநெருக்கடி, வெளியே வந்ததும் பாலுக்குப் போட்டி என்று அதைக் கூட்டிக் குறைக்கப் பல காரணங்கள் உண்டு. ஈத்திலேயே நோஞ்சானாகப் பிறந்தது, கூடப்பிறந்தவற்றை எட்டிப்பிடித்துவிடுவது சாதாரணம்.

அடுத்தது கணக்கு. குட்டியின் எடையை அதன் வயதால் (வாரக் கணக்கில்) வகுத்து 52ஆல் பெருக்கினால் வளர்ந்த நாயின் எடை வந்துவிடும் என்பார்கள். போட்டுப் பார்க்கலாம். 8 வாரத்தில் ஐந்தரைக் கிலோ இருக்கும் ஒரு லாப்ரடார் ஆண் குட்டிக்கு விடை ஏறக்குறைய 36 கிலோ. அதே குட்டி 16 வாரத்தில் 13 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது விடை 42! லாப்ரடார் ஆண் நாய் பொதுவாக 29 முதல் 36 கிலோ வரைதான். குட்டி அதேதான், கணக்கும் அதேதான். வீட்டுக்காரருக்கு மட்டும் இரண்டே மாதத்தில் 6 கிலோ கூடுதல் நாய் கிடைத்துவிட்டது. வளர்ச்சி ஒரே சீராக ஏறுவதில்லை என்பதுதான் சிக்கல். முதல் மாதங்களில் விறுவிறுவென்று ஏறி, பிறகு மட்டுப்பட்டு, கடைசியில் கிராம் கிராமாக நகரும். ஐந்தாம் மாத எடையை இரட்டிப்பாக்கு என்ற இன்னொரு குத்துமதிப்பும் பெரிய இனங்களுக்குப் புழக்கத்தில் இருக்கிறது. நாய்க்குக் கட்டில் எந்த அளவில் வாங்குவது என்று முடிவெடுக்க அது போதும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

இதைவிட உருப்படியான வழி, வளர்ச்சிக் கோட்டைப் பின்தொடர்வது. இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு நிறுவனம் (நாய்த்தீவனம் விற்கும் மார்ஸ் கம்பெனியுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்) அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைகளில் பதிவான நாய்களின் எடைகளை வைத்து 2017இல் வளர்ச்சி அட்டவணைகளை வெளியிட்டது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டையில் இருப்பது போன்ற வளைகோடுகள். குட்டி எந்தக் கோட்டில் போகிறதோ அதே கோட்டில் போய்க்கொண்டிருந்தால் சரி. இரண்டு கோடுகளைத் தாண்டி மேலே போனால் கொழுப்பு, கீழே இறங்கினால் ஏதோ கோளாறு என்று சந்தேகிக்கலாம். எடை பார்க்கத் தனி மெஷின் வேண்டாம். வீட்டில் நாம் எடை பார்க்கிற மெஷினிலேயே குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக்கொண்டால் முடிந்தது.

ஒரு வேடிக்கை, இந்த அட்டவணைகள் 40 கிலோவோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் வளரும் நாய்களின் தரவு போதவில்லை. யாருக்கு இந்தக் கேள்வி அதிகம் உறுத்துமோ, அந்த கிரேட் டேன்காரருக்குக் கோடு இல்லை! நம்மூர்ச் சிப்பிப்பாறை போன்ற ஒடிசலான வேட்டைநாய்க்கும் அமெரிக்கக் கோடு எவ்வளவு பொருந்தும் என்பது கேள்விதான். அங்கெல்லாம் தாயையும் தகப்பனையும் நேரில் பார்ப்பதே நம்பகமான வழி. ஆணா பெட்டையா என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லாப்ரடார் பெட்டை 25 முதல் 32 கிலோவோடு நின்றுவிடும்.

தாய் தகப்பனைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் மரபணுவில் இருக்கிறது. உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற மரபணுவுக்கும் நாய்களின் உருவ அளவுக்கும் உள்ள தொடர்பை 2007இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவை ஒட்டிய ஒரு மாற்றம் 54,000 ஆண்டுக்கு முந்தைய ஓநாயிடமே இருந்தது என்று 2022இல் தெரியவந்தது. ஆனால் அது ஒன்றே எல்லாம் அல்ல. இன்னும் பல மரபணுக்களுக்கு இதில் பங்கு உண்டு.

உயரம் எப்போது நிற்கும்? மூன்று, நான்கு மாதப் பெரிய இனக் குட்டியின் முன்னங்காலில், பாதத்துக்குச் சற்று மேலே தடவிப் பார்த்தால் உருண்டையாக ஒரு புடைப்பு தட்டுப்படும். எலும்பு நீள்கிற குருத்தெலும்புத் தட்டு அங்கேதான் இருக்கிறது. அது இறுகி எலும்பாகிவிட்டால் உயரம் முடிந்தது; எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். பெரிய இனங்களில் இதற்கு ஒரு வருடமோ சற்று மேலோ ஆகும். கிரேட் டேன் போன்றவற்றில் ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நெஞ்சு விரிவதும் சதை பிடிப்பதும் அதற்குப் பிறகு. சீக்கிரமே கருத்தடை செய்துவிட்டால், தட்டை மூடச் சொல்லும் ஹார்மோன் இல்லாமல் கால் இன்னும் கொஞ்சம் நீளும். அது லாபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த கோல்டன் ரெட்ரீவர்களுக்கு மூட்டுக் கோளாறு அதிகம் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு 2013இல் சொன்னது.

"நல்லா போட்டா நல்லா வளரும்" என்கிற நம்பிக்கைதான் நம் வீடுகளில் பெரிய வினை. எவ்வளவு உயரம் என்பதைப் பெரும்பாலும் மரபணு தீர்மானித்துவிடுகிறது. அளவுக்கு மீறிப் போடும் சாப்பாடு அந்த உயரத்துக்கு வேகமாகக் கொண்டுபோகும், அவ்வளவுதான். இறுகாத எலும்பின் மேல் பாரத்தையும் ஏற்றும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 13 வருடம், மற்றவை 11 வருடத்துக்குச் சற்று மேல். இடுப்பு மூட்டுக் கோளாறும் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்குத்தான் குறைவு.

கால்சியம் டானிக் கதையும் இதேதான். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடலுக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. கொடுக்கக் கொடுக்க உறிஞ்சிக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு வளர்ச்சியே கோணலானது. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த தீவனத்தில் கால்சியம் கணக்காகச் சேர்த்திருப்பார்கள். அதன் மேல் ஒரு ஸ்பூன் ஊற்றத் தேவையில்லை. சோறும் கறியும் மட்டும் போடுகிற வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே கால்சியம் பற்றாமல் கால் வளைந்துபோகும். எவ்வளவு சேர்ப்பது என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கக் கூடாது.