எச்சரிக்கை லயன் வாசல்வரை வரவேண்டும்

மலையகத்தில் மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் மண்சரிவு பற்றிய அச்சமும் கூடவே வந்துவிடுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மண்சரிவினால் நிலைகுலைந்தன. இந்நிலையில், உணரிகளையும் கணினியையும் தொலைத்தொடர்பையும் இணைத்து உருவாக்கப்படும் முன்னெச்சரிக்கை முறைகள் எவ்வாறு இயங்குகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை மக்கள் அறிந்திருப்பது அவசியமென நாம் கருதுகின்றோம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைவீழ்ச்சியைப் பிரதான அளவுகோலாகக் கொண்டே எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்புடன் இருக்கவேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகவேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனடியாக வெளியேறவேண்டும். ஆனால், ஒரே தோட்டத்தின் மேற்பிரிவில் ஒருவிதமாகவும் கீழ்ப்பிரிவில் வேறுவிதமாகவும் மழை பெய்வதுண்டு. அத்துடன், மண்ணுக்குள் நடப்பதை மழைமானி காட்டுவதில்லை.

இக்குறையை நீக்கும் ஆய்வொன்று நமது தேயிலை மலைகளைப் போன்றே அமைந்த கேரளத்தின் மூணாறில் நடைபெற்றது. அமிர்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள சரிவொன்றில் துளையிட்டு உணரிகளைப் புதைத்தனர். மண்ணிடை நீரின் அழுத்தம் உயர்வதையும், நிலம் மெல்லச் சாய்வதையும் அவை அளக்கின்றன. அளவீடுகள் கம்பியில்லா முறையில் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, செய்மதி வழியாக ஆய்வுக்கூடத்தை அடைகின்றன. மின்கலம் விரைவில் தீர்ந்துவிடாதிருக்க, சாதாரண நாட்களில் குறைவாகவும் ஆபத்து நெருங்கும்போது அடிக்கடியும் அளக்கும் வகையில் மென்பொருள் அமைக்கப்பட்டது. 2009 ஜூலை பெருமழையின்போது இம்முறை எச்சரிக்கையும் விடுத்தது.

எனினும், ஒரு சரிவில் உள்ள கருவி இன்னொரு சரிவைக் காக்காது. 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு, அதே மூணாறுப் பகுதியின் பெட்டிமுடியில் லயன்கள் மண்ணில் புதையுண்டு சுமார் 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிருந்ததால் அவலச் செய்திகூட மணிக்கணக்கில் தாமதித்தே வெளியுலகை எட்டியது.

எச்சரிக்கை முறையின் பாதுகாப்பும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் டலஸ் நகரில், விஷமி ஒருவர் அனுப்பிய வானொலிச் சமிக்ஞையால் 156 அபாயச் சங்குகளும் நள்ளிரவில் அலறின. 2018 ஜனவரியில் ஹவாயில் தவறுதலாக விடுக்கப்பட்ட ஏவுகணை எச்சரிக்கையைத் திருத்த 38 நிமிடங்கள் சென்றன. ஒருமுறை பொய்த்த சங்கை மறுமுறை மக்கள் நம்பத் தயங்குவர். ஆகவே, கட்டளை உரிய இடத்திலிருந்துதான் வந்ததா என்பதைக் கருவியே சரிபார்க்கும் ஏற்பாடு இன்றியமையாதது.

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கையர் உருவாக்கிய சஹானா மென்பொருள் பல நாடுகளின் அனர்த்தப் பணிகளில் பயன்பட்டது. கையடக்கத் தொலைபேசி வழியான எச்சரிக்கை வலையமைப்பை உருவாக்குவதில் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது.

ஆனால், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்ணுள் புதைந்த கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. இருந்தும், மாற்றுக் காணியும் வீடும் கிடைக்காத மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். போக்கிடமில்லாதவனுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்?

எனவே, நுவரெலியா, ஹட்டன் பிரதேசங்களின் ஆபத்தான சரிவுகளில் உணரிகள் நிறுவப்படவேண்டும். எச்சரிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வெளியாகவேண்டும். தொலைபேசி செயலிழக்கும் வேளையில் கோவில், பள்ளிவாசல், விகாரை, தேவாலய ஒலிபெருக்கிகள் அச்செய்தியைக் கொண்டுசெல்லவேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பான காணி வழங்கப்படவேண்டும். அடுத்த பெருமழைக்கு முன்னர் இதனைச் செய்வது அரசினதும் தோட்ட நிர்வாகங்களினதும் கடமையாகும்.