மிம்பர் காத்திருந்த ஜும்ஆ: ஹிஜ்ரி 583இன் கதை



வெள்ளிக்கிழமைதோறும் கதீப் அவர்கள் மிம்பரில் ஏறுவதைக் காண்கின்றோம். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கதீப் எவரும் ஏறாமல், தனக்குரிய பள்ளிவாசல் எதிரிகளின் கையில் இருந்ததால், வேறோர் ஊரில் காத்துக் கிடந்த ஒரு மிம்பரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்களா?

சுல்தான் நூருத்தீன் ஸன்கீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 564இல், அதாவது கி.பி. 1168-69 அளவில், சிரியாவின் ஹலப் நகரத் தச்சர்களைக் கொண்டு அதனைச் செய்வித்தார்கள். மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கென்றே அது செய்யப்பட்டது. அப்போதோ பைத்துல் முகத்தஸ் சிலுவைப் போராளிகளின் தலைநகராக இருந்தது. அக்ஸாவில் தொழுகை இல்லை. இன்னும் கைக்கு வராத பள்ளிவாசலுக்கு மிம்பர் செய்வதைக் கண்டு அன்று நகைத்தவர்களும் இருந்திருக்கக் கூடும். கி.பி. 1174இல் நூருத்தீன் வபாத்தானார்கள். மிம்பர் ஹலபிலேயே இருந்தது.

அது உரிய இடத்தைச் சேர வழி திறந்த ஆண்டு ஹிஜ்ரி 583 (கி.பி. 1187). நம் இளைஞர்களிற் பலர் அவ்வாண்டை ஹித்தீன் யுத்தத்தால் மட்டுமே அறிந்துள்ளனர். சிலர் திரைப்படம் பார்த்து அறிந்துள்ளனர். வாளின் கதையே அவர்கள் மனத்தில் நிற்கின்றது. அவ்வாண்டின் கனமான பகுதி வாள் உறையில் இட்ட பின்னரே தொடங்குகின்றது என்பது எனது கருத்து.

முதலில் யுத்தத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களுக்கும் பரங்கியருக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை ஒன்று இருந்தது. கரக் கோட்டையின் அதிபதி ரெஜினால்ட் அதனை மீறி முஸ்லிம்களின் வணிகக் கூட்டமொன்றைத் தாக்கிக் கொள்ளையிட்டான். கைதிகளையும் பொருளையும் திருப்பிக் கொடுக்குமாறு கேட்கப்பட்ட போதும் மறுத்தான். மன்னன் கீயினால் அவனைக் கட்டுப்படுத்த முடியவில்லை. பரங்கியர் தமக்குள்ளும் பிளவுபட்டுக் கிடந்தனர்.

ஜூலை 2ஆம் திகதி ஸலாஹுத்தீன் தபரிய்யா நகரை முற்றுகையிட்டார்கள். கோட்டைக்குள் அகப்பட்டிருந்தவள் திரிப்பொலி அதிபதி ரேமண்டின் மனைவி. ஆயினும் தண்ணீர் உள்ள ஸபூரிய்யாவை விட்டுக் கோடை வெயிலில் புறப்பட வேண்டாம் என்று ஆலோசனை கூறியவர் அந்த ரேமண்டேதான்! மன்னன் அதனை ஏற்றான். அதே இரவில் வேறொருவர் காதில் ஓதியதும் மனம் மாறினான். மறுநாள் புறப்பட்ட படை நீர்நிலைகளை அடைய முடியாமல் தாகத்தோடு இரவைக் கழித்தது. ஜூலை 4, சனிக்கிழமை, ஹித்தீன் குன்றுகளின் அடியில் எல்லாம் முடிந்தது. சிறைப்பட்ட மன்னனுக்கு ஸலாஹுத்தீன் குளிர்ந்த நீர் கொடுத்தார்கள். ரெஜினால்டைத் தமது சபதப்படி வெட்டினார்கள். சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹொஸ்பிட்டலர் வீரர்கள் சுமார் இருநூறு பேரும் கொல்லப்பட்டனர். இதனையும் பிள்ளைகளுக்கு மறைக்காமற் சொல்லுங்கள். அரைகுறையாகச் சொல்லப்படும் வரலாறு பின்னர் வேறொருவர் வாயால் முழுமையாகக் கேட்கப்படும் போது, சொன்னவர் மீதான நம்பிக்கையே போய்விடும்.

அதன்பின் அக்கா, அஸ்கலான் என நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. செப்டம்பர் 20இல் சுல்தானின் படை பைத்துல் முகத்தஸின் மதிலை அடைந்தது. மதிலில் உடைப்பு ஏற்பட்டதும் நகரத்தின் பாதுகாப்பை ஏற்றிருந்த பாலியான் சமாதானம் பேச வந்தார். சுல்தான் முதலில் மறுத்தார்கள். கி.பி. 1099இல் சிலுவைப் போராளிகள் அந்நகரைப் பிடித்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்திருந்தனர். அவர்கள் செய்தவாறே நாமும் செய்வோம் என்பதே சுல்தானின் முதல் பதிலாக இருந்தது.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். 88 ஆண்டுகளாக ஆறாத காயம். பழிதீர்க்கும் பலமும் கையில் இருந்தது. அந்நாள் இன்னொரு 1099ஆக ஆகியிருக்க முடியும்.

பாலியான் இறுதியாக ஓர் எச்சரிக்கையை விடுத்தார். உயிருக்கு உத்தரவாதம் இல்லையெனில் எம்மிடமுள்ள ஆயிரக்கணக்கான முஸ்லிம் கைதிகளைக் கொன்று, குப்பத்துஸ் ஸக்ராவையும் அக்ஸாவையும் இடித்துவிட்டே சாவோம் என்பது அதன் சாரம். சுல்தான் தம் தோழர்களுடன் மஷூரா செய்தார்கள். அவர்கள் சமாதானத்தையே தெரிவு செய்தனர். சுல்தானும் தமது முதற்சொல்லில் பிடிவாதமாக நில்லாமல் அதனை ஏற்றார்கள். ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 2, தவணை 40 நாட்கள். வறியோரில் ஒரு தொகையினருக்காக 30,000 தீனார் மொத்தமாகப் பெறப்பட்டது. அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை, நகரம் கையளிக்கப்பட்டது. அது ரஜப் பிறை 27. மிஃராஜ் நிகழ்ந்த திகதி பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், மக்கள் அந்நாளை மிஃராஜுடன் இணைத்தே மகிழ்ந்தனர்.

சுல்தானின் சகோதரர் ஆதில் அவர்கள் ஆயிரம் ஏழைகளைத் தமக்கெனக் கேட்டுப் பெற்று, அனைவரையும் விடுதலை செய்தார்கள். கிறிஸ்தவத் தலைமை மதகுரு தமக்குரிய 10 தீனாரை மட்டும் செலுத்திவிட்டுப் பெருஞ்செல்வத்துடன் வெளியேறினார். அதனைப் பறிமுதல் செய்யுமாறு சிலர் கூறிய போதும், கொடுத்த வாக்கை முறிக்கச் சுல்தான் உடன்படவில்லை. ஆயினும் பணம் செலுத்த வழியின்றி அடிமைப்பட்டோர் ஏறத்தாழ 16,000 பேர் என இப்னுல் அஸீர் எழுதுகின்றார். அக்கால யுத்த வழக்கில் அது புதிதன்று. எனினும் தாய்மாரும் பிள்ளைகளும் அடங்கிய அக்கூட்டத்தை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கத்தான் செய்கின்றது. கிறிஸ்தவர்களின் புனித கல்லறைத் தேவாலயத்தை இடித்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஹஸ்ரத் உமர் (ரழி) அவர்கள் அந்நகரை வென்றபோது அதனை விட்டுவைத்த முன்மாதிரி எடுத்துக் கூறப்பட்டு, அந்த யோசனை கைவிடப்பட்டது. கீழைக் கிறிஸ்தவர்கள் நகரிலேயே வாழ்ந்தனர். யூதர்களும் மீண்டும் குடியேற அனுமதிக்கப்பட்டனர்.

நகரம் கையளிக்கப்பட்ட வெள்ளியன்று அக்ஸாவில் ஜும்ஆ நடைபெறவில்லை. டெம்ப்ளர்கள் அதனுள் கட்டடங்களை எழுப்பி, மிஹ்ராபைச் சுவரால் மறைத்திருந்தனர். ஒரு வார காலம் இடிப்பதும் கழுவுவதுமாகக் கழிந்தது. சுல்தானின் சகோதரர் மகன் தகிய்யுத்தீன் உமர் பன்னீர் கொண்டுவந்து, புனிதப் பாறையின் தளத்தைத் தம் கையாலேயே கழுவினார்கள். ஷஃபான் பிறை 4, அக்டோபர் 9 வெள்ளியன்று காழி முஹ்யித்தீன் இப்னுஸ் ஸகீ அவர்கள் குத்பா ஓதினார்கள். தமக்கே அவ்வாய்ப்புக் கிட்டும் என்று எதிர்பார்த்து உரை தயாரித்து வைத்திருந்த உலமாக்கள் பலர் இருந்தனராம். கதீப்மாரின் இந்தச் சிறு பலவீனம் எக்காலத்திலும் உள்ளதுதான்!

அதே மாதத்தில் ஐரோப்பாவிலும் பெருங்கலக்கம். பாப்பரசர் மூன்றாம் ஏர்பன் அக்டோபர் 20இல் மரணித்தார்; ஹித்தீன் செய்தியின் துயரமே காரணமெனப் பேசப்பட்டது. அடுத்து வந்த எட்டாம் கிரகரி அக்டோபர் 29இல் மூன்றாவது சிலுவை யுத்தத்துக்கு அழைப்பு விடுத்தார். கிறிஸ்தவர்களின் சொந்தப் பாவங்களே இத்தோல்விக்குக் காரணமென அவரது கடிதம் கூறியது. அவரும் டிசம்பர் 17இல் இறந்தார். இரு நாட்களில் மூன்றாம் கிளெமென்ட் தெரிவானார். ஒரே ஆண்டில் மூன்று பாப்பரசர்கள்.

இனி ஓர் கஷ்டமான கேள்வி. விடுவிக்கப்பட்ட பரங்கியரும் வீரர்களும் கடற்கரையிலுள்ள ஸூர் கோட்டையில் திரண்டனர். சுல்தானின் முற்றுகை அங்கே பலிக்காமல், 1188 ஜனவரி தொடக்கத்தில் படை திரும்பியது. அவ்வாசலினூடாகவே பரங்கியர் மீண்டும் எழுந்து வந்தனர். 1191இல் அக்கா நகரம் கைநழுவியது. சுல்தானே எதிரிகளை அனுப்பி ஸூரைப் பலப்படுத்தினார் என்று இப்னுல் அஸீர் வெளிப்படையாகக் குறை கூறுகின்றார். அப்படியாயின் இரக்கம் காட்டியது தவறா? உங்கள் பிள்ளை இக்கேள்வியைக் கேட்டால் தட்டிக் கழிக்காதீர்கள். பிழை ஸூரின் விடயத்தில் தாமதித்ததில் இருந்தது. முதலில் அதனைப் பிடித்திருந்தால் விடுவிக்கப்பட்டோர் திரள இடமே இருந்திராது. கொடுத்த வாக்கைக் காத்ததில் பிழை இல்லை என்றே நான் கருதுகின்றேன். மூன்றாவது சிலுவை யுத்தம் முழுப் பலத்துடன் வந்தும் பைத்துல் முகத்தஸ் அன்று கைமாறவில்லை.

அந்த மிம்பருக்கு வருவோம். முதல் ஜும்ஆவில் அது அங்கே இருக்கவில்லை. புதிதாக ஒன்று செய்யச் சுல்தான் கட்டளையிட்டபோதே, நூருத்தீன் செய்வித்தது ஹலபில் இருக்கின்றதென்று அறிவிக்கப்பட்டது. உடனே அது வரவழைக்கப்பட்டு அக்ஸாவில் நிறுவப்பட்டது. ஆணியின்றி ஒன்றோடொன்று கோர்க்கப்பட்ட மரத்துண்டுகள். செய்த தச்சர்கள் தம் பெயர்களையும் அதில் செதுக்கியிருந்தனர். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் கதீப்மார் அதில் ஏறினர். 1969 ஆகஸ்ட் 21இல் ஆஸ்திரேலியன் ஒருவன் அக்ஸாவுக்குத் தீ வைத்தபோது அது எரிந்தது. அதன் கோலங்களின் கணக்கைப் பழைய படங்களிலிருந்து மீட்டெடுக்க நீண்ட காலம் சென்றது. ஜோர்தானில் அதே வடிவில் மீண்டும் செதுக்கப்பட்ட மிம்பர், 2007ஆம் ஆண்டில் அதே இடத்தில் வைக்கப்பட்டது.